பன்றி வளர்ப்பும் தீனித் தொட்டியும்

இலங்கையின் மேற்குக் கரையிலே, நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை நீண்டு கிடக்கும் தென்னந்தோப்புகளின் ஊடே, விடியற் பொழுதில் ஓர் ஆரவாரம் எழும். அது கோயில் மணியோசையும் அன்று. கடலின் இரைச்சலும் அன்று. தீனி வாளியின் பிடி கலகலக்கக் கேட்ட மாத்திரத்தே, பட்டிகளில் உள்ள பன்றிகள் எழுப்பும் கூச்சலே அது. மீன்பிடித் தொழிலாளரும் சிறு தோட்டக்காரரும் செறிந்து வாழும் இக்கரையோரத்தைப் பன்றி வலயம் என்றே கால்நடைத் துறையினர் குறிப்பிடுவர்.

நேயர்களுள் பன்றி இறைச்சியை உண்ணாதோர் பலர். சமய நெறி காரணமாக அதனைத் தீண்டாதோரும் உளர். அவர்களுக்கு இப்பொருள் தொலைவானதாகத் தோன்றலாம். ஆயினும், நகரத்துச் சாப்பாட்டுக் கடையொன்றில் ஒருவர் உண்டு எஞ்சியது எங்கே போகின்றது என்று சற்றே தொடர்ந்து சென்றால், அது பெரும்பாலும் ஒரு பன்றித் தொட்டியிலே போய் முடிவதைக் காணலாம். பன்றியை உண்ணாதவருக்கும் அந்தத் தொட்டியோடு ஒரு தொடர்பு உண்டு.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவன் கடற்றொழில் செய்பவன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே கடல் கொந்தளிக்க, வள்ளம் கரையிலே கிடக்கும். அக்காலத்தில் அடுப்பெரிவது மனைவி வளர்க்கும் நான்கு தாய்ப்பன்றிகளால். பிள்ளைகளின் பாடசாலைச் செலவும், ஓட்டை விழுந்த கூரையைத் திருத்தும் செலவும் குட்டி விற்ற பணத்திலிருந்தே வரும். அக்குடும்பத்துக்குப் பட்டி ஓர் உண்டியல். அந்த உண்டியலை நிரப்புவதும் உடைப்பதும் தீனித் தொட்டியே என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட பொருள்.

"பன்றியோடு கூடிய கன்றும் மலம் தின்னும்" என்பது பழமொழி. பழமொழி பன்றிக்குச் சற்று அநீதி செய்துவிட்டது என்றே கூறவேண்டும். போதிய இடம் கொடுத்தால், பன்றி தான் படுக்கும் மூலையை ஒருபோதும் அசுத்தப்படுத்தாது. ஈரமுள்ள வேறொரு மூலையையே அதற்கென ஒதுக்கிக்கொள்ளும். மாட்டிடமும் ஆட்டிடமும் இத்துணை ஒழுங்கைக் காண முடியாது. சேற்றிலே புரள்வதும் அழுக்கின் மேலுள்ள விருப்பத்தால் அன்று. வியர்வையால் உடலைத் தணித்துக்கொள்ளும் ஆற்றல் பன்றிக்கு இல்லை. ஆதலின், வெயில் ஏறும்போது ஈரத்தை நாடுகின்றது. தூய நீரைத் தெளித்து நிழலும் கொடுத்தால் சேற்றை நாடாது. தூய தீனியைக் கொடுத்தால் மலத்தையும் நாடாது. பன்றியின் அழுக்கு, பெரும்பாலும் வளர்ப்பவனின் சோம்பலே.

எனவே, பட்டி அமைக்கும்போது மூன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: நிழல், காற்று, வடிகால். தென்னோலை வேய்ந்த உயர்ந்த கூரை தகரக் கூரையினும் குளிர்ச்சி தரும். நிலம் சீமெந்து பூசப்பெற்று, நீர் தேங்காவண்ணம் சற்றே சாய்ந்திருத்தல் வேண்டும். ஆனால் கால் வழுக்குமாறு மெழுகியிருத்தல் கூடாது. தீனித் தொட்டி உயர்ந்த பக்கத்திலும், கழிவு வாய்க்கால் தாழ்ந்த பக்கத்திலும் அமைய வேண்டும். தொட்டியின் விளிம்பு, பன்றி காலை உள்ளே வைக்க இயலாதபடி இருப்பின், தீனி வீணாவது பெரிதும் குறையும்.

இனித் தீனியை நோக்குவோம். பசுவுக்கு நான்கு அறைகள் கொண்ட இரைப்பை உண்டு. அது வைக்கோலையும் பாலாக்கும். பன்றிக்கோ மனிதனைப் போல ஒற்றை இரைப்பையே உண்டு. புல்லையும் இலையையும் மாத்திரம் தின்று அது கொழுக்காது. மாவுச்சத்தும் புரதமும் தாதுப்பொருள்களும் அளவோடு கலந்த தீனி அதற்கு இன்றியமையாதது. பால் மறந்த சிறு குட்டிக்கு நூற்றுக்கு 18 முதல் 20 பங்கு வரை புரதம் வேண்டும். வளரும் பன்றிக்கு 16 பங்கும், விற்பனைக்கு அணித்தாயுள்ள பன்றிக்கு 14 பங்கும் போதும். வயதேற வயதேறப் புரதத் தேவை குறைந்து, உண்ணும் அளவு கூடுகின்றது. இவ்வேறுபாட்டை அறியாது எல்லாவற்றுக்கும் ஒரே வாளியை ஊற்றுபவர், குட்டிகளைப் பட்டினி போட்டுப் பெரியவற்றுக்கு வீண் செலவு செய்கின்றார்.

நம் நாட்டிலே கிடைக்கும் பொருள்களைக் கொண்டே நல்ல தீனியைக் கலந்துகொள்ளலாம். அரிசித் தவிடு, சோளம், தேங்காய்ப் புண்ணாக்கு, சோயா, மீன்தூள், மரவள்ளிக் கிழங்கு ஆகியவை யாவும் பயன்படும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. தவிட்டிலுள்ள எண்ணெய் நாட்பட்டாற் சிக்கடித்துவிடும். ஆதலின் புதிதாகவே வாங்க வேண்டும். மரவள்ளியில் நஞ்சுத்தன்மை உண்டு. சீவி வெயிலில் நன்றாக உலர்த்தியோ அவித்தோ கொடுக்க வேண்டும். பச்சைச் சோயா செரிமானத்தைத் தடுக்கும். வறுத்த பின்னரே அது உணவாகும். மீன்தூளை மிகுதியாகக் கொடுத்தால் இறைச்சியில் மீன் வாடை வீசும். விற்பதற்கு முந்திய சில வாரங்களில் அதனை நிறுத்திவிடுதல் நன்று.

தீனியைப் பற்றிப் பேசுவோர் பலரும் நீரை மறந்துவிடுகின்றனர். பாலூட்டும் தாய்ப்பன்றி ஒரு நாளைக்கு 20 லீற்றர் முதல் 30 லீற்றர் வரை நீர் குடிக்கும். நீர் குறைந்தாற் பாலும் குறையும். உப்புக் கலந்த மிச்ச உணவைத் தின்ற பன்றிக்கு நீர் கிடையாதாயின், அந்த உப்பே நஞ்சாகி மூளையைத் தாக்கும். பன்றி தள்ளாடி, சுவரில் முட்டி, வலிப்புற்று வீழ்ந்து மடியும்.

தாய்ப்பன்றியின் காலக் கணக்கை எழுத்தறியாதவரும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அது சினை சுமப்பது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். ஏறத்தாழ 114 நாள்கள். சினைக் காலத்தில் நாளொன்றுக்கு இரண்டு கிலோ முதல் இரண்டரைக் கிலோ வரை நல்ல தீனி போதும். அன்பு மிகுதியால் அளவின்றி ஊட்டினால், தாய் கொழுத்து ஈனும்போது துன்புறும். உடல் பருத்த தாய் தன் குட்டிகளின் மேலேயே படுத்து நசுக்கிவிடும். ஈன்ற பின்னரோ நிலை மாறுகின்றது. பத்துக் குட்டிகளுக்குப் பால் சுரக்க வேண்டிய தாய்க்கு ஐந்து, ஆறு கிலோ தீனி கொடுத்தாலும் மிகையாகாது.

குட்டிகள் பிறக்கும்போது ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ நிறையே இருக்கும். அவற்றின் உடலிலே சேமித்த கொழுப்பு மிகச் சொற்பம். முதல் மூன்று நாள்கள் குளிரே அவற்றின் பெரும் பகை. ஒரு மூலையில் உலர்ந்த வைக்கோலும் மின்விளக்கின் சூடும் இருத்தல் வேண்டும். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பாலைக் குடித்துவிட வேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றல் அதிலேயே உள்ளது. தாய்ப்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. ஆதலின் மூன்றாம் நாளளவில் இரும்பு ஊசி போட வேண்டும். தவறினாற் குட்டிகள் வெளிறி, மூச்சு வாங்கி, வளராது நின்றுவிடும். சுவரோரத்தில் ஒரு சாண் உயரத்தில் குறுக்குக் கம்பி ஒன்றைப் பதித்துவிட்டால், தாய் சரிந்து படுக்கும்போது குட்டிகள் அதன் கீழே ஒதுங்கித் தப்பும்.

இவ்வாறு தப்பிய குட்டி பால் மறந்து, ஆறு ஏழு மாதங்களில் 90 கிலோ முதல் 100 கிலோ வரை வளர்ந்து சந்தைக்கு வரும். இதன் கணக்கைச் சற்றே போட்டுப் பார்க்க வேண்டும். உடல் நிறை ஒரு கிலோ கூடுவதற்கு மூன்று முதல் மூன்றரைக் கிலோ வரை தீனி செலவாகும். 15 கிலோக் குட்டியை 95 கிலோப் பன்றியாக்குவதற்கு 260 கிலோவை அண்டிய தீனி வேண்டும். பன்றி வளர்ப்பின் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ தீனிக்கே போய்விடுகின்றது. தீனி விலை ஏறும் ஆண்டுகளிலே, விற்ற பணத்தைக் கையில் எண்ணிப் பார்த்த அந்தக் குடும்பத் தலைவிக்கு எஞ்சியது உழைப்பு மாத்திரமே என்பது தெரியவரும்.

இவ்விடத்திலேதான் மிச்ச உணவு வாளி பட்டிக்குள் வருகின்றது. சாப்பாட்டுக் கடைகளிலும் சுற்றுலா விடுதிகளிலும் எஞ்சிய சோறு, கறி, பாண், மரக்கறித் தோல், இறைச்சித் துண்டு ஆகியவை இலவசமாகவோ சொற்ப விலைக்கோ கிடைக்கின்றன. கடைக்காரருக்குக் கழிவு நீங்குகின்றது. வளர்ப்பவருக்குச் செலவு குறைகின்றது. நகரத்துக் குப்பைமேடும் சிறுக்கின்றது. மனிதன் வீணாக்கிய உணவை மீண்டும் உணவாக்கித் தரும் பிராணி பன்றியை விட வேறில்லை. ஆதலால் மிச்ச உணவு கொடுப்பவரைக் குற்றவாளியாகக் கருதுவது பொருந்தாது. வறுமையிலே செய்யப்படும் சிக்கனம் அது.

ஆனால் அந்த வாளியில் உணவு மாத்திரம் வருவதில்லை. கோழி எலும்பு, பற்குத்தும் ஈர்க்கு, பொலித்தீன் பை ஆகியவை கண்ணுக்குத் தெரியும், பொறுக்கி எறிந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமியை எவ்வாறு பொறுக்குவது? ஒரு நாட்டில் நோயுற்ற பன்றியின் இறைச்சி, உப்பிட்டோ உறையவைத்தோ மற்றொரு நாட்டுக்குப் போகின்றது. அங்கே ஒரு விடுதியில் அதனைச் சமைக்க நறுக்கியபோது ஒதுக்கிய துண்டு வாளிக்குள் விழுகின்றது. மறுநாட் காலையில் அது தொட்டியில் இருக்கின்றது. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த நோய், கடைசி இரண்டு மைலை வளர்ப்பவரின் கையிலேயே வந்து சேர்கின்றது.

இது வெறும் கற்பனை அன்று. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்னும் நோயை, கென்யாவிற் கண்ட செய்திகளைக் கொண்டு, மொன்ற்கொமறி என்பவர் 1921ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்து எழுதினார். அங்கே காட்டுப் பன்றியினம் ஒன்று இக்கிருமியைத் தன் உடலிலே தாங்கியும் நோயுறாது திரிகின்றது; வீட்டுப் பன்றியோ ஏறக்குறைய முற்றாகவே அழிந்துபோகின்றது. பல்லாண்டு காலம் ஆபிரிக்காவோடு நின்ற அந்நோய், 1957ஆம் ஆண்டிலே போர்த்துக்கலின் தலைநகராகிய லிஸ்பனில் தோன்றியது. வானூர்தியில் வந்த பயணிகள் உண்டு எஞ்சிய உணவை, விமான நிலையத்தை அடுத்திருந்த பன்றிகளுக்கு இட்டதே காரணமென்று கொள்ளப்படுகின்றது. 1960ஆம் ஆண்டில் மீண்டும் புகுந்த அந்நோயை ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் ஒழிப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 2007ஆம் ஆண்டில் அது கருங்கடற் கரையிலுள்ள ஜோர்ஜியாவை அடைந்தது. 2018ஆம் ஆண்டில் உலகத்துப் பன்றிகளிற் பாதியை வளர்த்துவந்த சீனாவுக்குட் புகுந்தது.

பிரித்தானியாவின் வரலாறோ ஒரே பாடத்தை இரு விதமாகக் கற்பிக்கின்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, வடலண்டனைச் சேர்ந்த டொட்டனம் என்னும் இடத்தில், வீட்டு மிச்சங்களைத் திரட்டி, ஆவியில் நன்றாக வேகவைத்துப் பன்றித் தீனியாக்கினர். அதனை டொட்டனம் புடிங் என்று மக்கள் அழைத்தனர். நாட்டின் பசி தணிய அந்தக் களியும் உதவிற்று. அதே நாட்டில் 2001ஆம் ஆண்டில், வேகவைக்கப்படாத மிச்ச உணவு ஒரு பண்ணையின் பன்றிகளுக்கு இடப்பட்டதிலிருந்து கோமாரி நோய் மூண்டதென விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொல்ல நேர்ந்தது. மிச்ச உணவைத் தீனியாக்கும் வழக்கமே அந்நாட்டில் அவ்வாண்டு தடைசெய்யப்பட்டது. முன்னதற்கும் பின்னதற்கும் இடையே இருந்த வேறுபாடு நெருப்பு ஒன்றே.

இலங்கை தீவாதலின் இத்தொல்லை தன்னை அணுகாது என்று எண்ணியிருந்தோர் இருந்தனர். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்நாட்டிலும் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆயினும் மனிதரின் வாழ்வைத் தொடுகின்றது. கடுங்காய்ச்சல் கண்ட பன்றி தீனியை மறுத்து ஒதுங்கிக் கிடக்கும். காதும் வயிறும் சிவந்து நீலம் பாரிக்கும். சில நாள்களில் இறந்துவிடும். சில வேளைகளில் எந்த அடையாளமும் இன்றியே இறக்கும். இதற்கு மருந்து கிடையாது. வியட்நாம் 2023ஆம் ஆண்டில் ஒரு தடுப்பூசியைத் தன் நாட்டிற் பரவலாகப் பயன்படுத்த அனுமதித்ததாயினும், எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட தடுப்பூசி என்று ஒன்றைச் சுட்டுவதற்கில்லை. ஆகவே, காவல் முழுவதும் வளர்ப்பவரின் கையிலேயே உள்ளது.

காவலுள் முதலாவது அடுப்பு. மிச்ச உணவு கொடுக்க விரும்புபவர், முதலில் அது தம் பகுதியில் அனுமதிக்கப்படுகின்றதா என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். அனுமதி உண்டாயின், கிடாரத்தில் இட்டு, நன்றாகக் கொதிவந்த பின்னர் ஒரு மணி நேரம் முழுவதும், அடிவரை கிளறியபடி வேகவைக்க வேண்டும். மேலே ஆவி பறப்பதைக் கண்டு இறக்கிவிடலாகாது. நடுவிலுள்ள கட்டி வேகாதிருக்கும். இறைச்சித் துண்டுகளை, குறிப்பாகப் பன்றி இறைச்சியை, வேகவைக்கும் முன்னரே ஒதுக்கிப் புதைத்துவிடுதல் இன்னும் நன்று.

வேகவைத்தால் மாத்திரம் போதாது. பச்சை உணவு கொண்டுவந்த வாளியிலேயே வெந்த உணவை அள்ளிச் சென்றால், ஒரு மணி நேர விறகும் வீணாயிற்று. பச்சைக்கு ஒரு வாளி, வெந்ததற்கு ஒரு வாளி. பச்சைக்கு ஓர் அகப்பை, வெந்ததற்கு ஓர் அகப்பை. பச்சை வாளி பட்டியின் வேலிக்கு உள்ளே வருதல் ஆகாது. இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் பூசிவிட்டால் வீட்டுச் சிறுவர்களும் தவறுசெய்ய மாட்டார்கள். மேலும், மிச்ச உணவில் முக்காற் பங்கும் நீரே. அதனை மாத்திரம் நம்பினால் வயிறு நிறையும், உடல் வளராது. புரதமும் தாதுப்பொருளும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

காவலுள் இரண்டாவது வேலி. பன்றிகளை ஊர்மேயவிடுதலும், மலசலகூடமில்லாத வெளிகளில் அலையவிடுதலும் பழைய வழக்கம். மனித மலத்தைத் தின்னும் பன்றியின் தசையிலே நாடாப்புழுவின் கூடுகள் உண்டாகும். அவ்விறைச்சியைச் சரிவர வேகவைக்காது உண்பவரின் குடலிலே அப்புழு வளரும். அப்புழுவின் முட்டைகள் அசுத்தமான கையாலும் நீராலும் மனிதர் வயிற்றுட் சென்றால், கூடுகள் மூளையிலும் அமைந்து வலிப்பு நோயை உண்டாக்கும். பன்றி தின்றது மனிதனிடமே திரும்பி வருகின்றது. அடைத்து வளர்த்தல் இவ்வட்டத்தை அறுத்துவிடும். பட்டிக்கென ஒரு சோடிக் காலணி, வாயிலிலே கிருமிநாசினித் தொட்டி, ஊரூராய்ச் செல்லும் தரகரின் லொறியைப் படலைக்கு வெளியே நிறுத்துதல், புதிதாக வாங்கிய பன்றியைச் சில வாரம் தனியே அடைத்தல் ஆகியவையும் வேலியின் பகுதிகளே.

மூன்றாவது காவல் மனவுறுதி. நான்கு தாய்ப்பன்றிகளுள் ஒன்று தீனியை மறுத்துப் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடலும் அடைத்திருக்கின்றது. மற்ற மூன்றும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. அன்று மாலை தரகர் வந்து, "இப்பொழுதே கொடுத்தாற் பாதி விலையாவது தருவேன், நாளை ஒன்றும் மிஞ்சாது" என்கிறார். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் தாய்க்கு அது எளிதில் தள்ளக்கூடிய சொல் அன்று. ஆயினும் அந்த மூன்று பன்றிகளும் மூன்று ஊர்களுக்கு நோயைக் கொண்டு செல்லும். இறந்த பன்றியை வாய்க்காலிலே தள்ளிவிட்டாலும் அவ்வாறே. அவள் செய்யத்தக்கது ஒன்றே: படலையைச் சாத்திவிட்டுக் கால்நடை வைத்தியருக்குச் செய்தி சொல்லுதல். அவ்வாறு சொல்லுபவள் தன் இழப்பைத் தன் வேலிக்குள்ளே தடுத்து நிறுத்தி அயலாரைக் காக்கின்றாள். அத்தகையோர் தனித்துவிடப்படாமல் இருப்பதற்கு ஊராரும் கூட்டுறவுச் சங்கங்களும் அரசும் கைகொடுத்தல் கடமையாகும். துணையில்லாத இடத்தில் உண்மை பேசுமாறு ஏழையை மாத்திரம் கேட்பது நியாயமாகாது.

சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் இதிலே பங்குண்டு. பச்சை இறைச்சிக் கழிவை ஒரு பாத்திரத்திலும், சோறு மரக்கறி மிச்சத்தை வேறொரு பாத்திரத்திலும் இடுவது அவருக்குப் பெருஞ்சுமை அன்று. ஈர்க்கையும் பொலித்தீனையும் தனியே எறிவது உண்பவருக்கும் சுமையன்று. தன் இலையில் எஞ்சியது எங்கோ ஓர் ஏழையின் உண்டியலுக்குட் செல்கின்றது என்று அறிந்தவர், அதிற் கண்டதையும் போடமாட்டார்.

ஒரு மணி நேரம் எரிக்கும் விறகுக்குச் செலவு உண்டு. தென்னை மட்டையும் பாளையும் பொச்சுமட்டையும் நிறைந்த கரையோரத்திலே அச்செலவும் பெரிதன்று. விடியற் காலையில் அந்தக் குடும்பத் தலைவி அடுப்பை மூட்டுகின்றாள். கிடாரம் கொதிக்கும்வரை பன்றிகள் பொறுமையின்றிக் கூச்சலிடுகின்றன. அவை கூச்சலிடட்டும். அந்த ஒரு மணி நேரம் அவள் அவற்றைப் பசியோடு காக்கவைப்பது, அடுத்த பருவக்காற்றுக் காலத்திலும் அவை பட்டியில் இருக்க வேண்டும் என்பதற்காகவே.